பையில் தொடங்கி ஏசியில் முடியும் கணக்கு

சுற்றுச்சூழலை மனதில் வைத்துத்தான் இனி பொருள் வாங்குவது என்று முடிவெடுக்கும் வீடுகளில் முதல் மாதம் செலவு கூடத்தான் செய்யும். மூங்கில் பிரஷ், ஸ்டீல் ஸ்ட்ரா, சணல் பை, ஒரே அளவில் பன்னிரண்டு கண்ணாடி ஜாடி என்று வந்து இறங்கும். அதே வீட்டுப் பரணில் கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் தூக்கும் சம்படமும் செய்தித்தாள் சுற்றியபடி இருபது வருஷமாகக் கிடக்கும். நன்றாக இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவைத் தூக்கிப்போட்டுவிட்டுக் கண்ணாடி வாங்குவதில் ஒரு லாபமும் இல்லை. டப்பா குப்பைமேட்டுக்குப் போகிறது, புது ஜாடிக்காக எங்கோ உலை எரிகிறது. சூடான சாம்பார், எண்ணெய், ஊறுகாய் மட்டும் வைக்காமல், பருப்புக்கும் வற்றல் மிளகாய்க்கும் அந்த டப்பாக்களையே விரிசல் விடும்வரை ஓட்டலாம். மூங்கில் பிரஷ்ஷிலும் பல் தேய்க்கும் இழை பெரும்பாலும் நைலான்தான். மண்ணில் போடுவதற்கு முன் குறடால் அதைப் பிடுங்கியாக வேண்டும். இதை அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் யாரும் போடுவதில்லை.

ஆகவே முதல் மாதம் எதையும் வாங்காமல் குப்பையை எண்ணுங்கள். இரண்டு பழைய அரிசிச் சாக்கு போதும். ஈரமில்லாத குப்பை எதையும் ஒரு மாதம் வெளியே கொடுக்காமல் அதில் சேர்க்க வேண்டும். பால் கவர், தயிர் டப்பா போன்றவற்றை ஒரு முறை அலசிக் காயவைத்துப் போடாவிட்டால் நான்காம் நாளே வீச்சமும் எறும்பும் வந்து திட்டம் முடிந்துபோகும். ஈரக்குப்பையைத் தினமும் கொக்கித் தராசில் தொங்கவிட்டு எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டி எடை பார்க்கும் சின்னத் தராசே போதுமானது. காய்த்தோல் எவ்வளவு, சமைத்து மிஞ்சியது எவ்வளவு என்று தனித்தனியாக எழுதினால்தான் பயன். தோலைக் குறைக்க முடியாது. மிஞ்சும் சோற்றைக் குறைக்கலாம், உழக்கை மாற்றினாலே போதும்.

மாதக் கடைசியில் சாக்கை முற்றத்தில் கொட்டிப் பிரித்தால் வீட்டுக்கு வீடு முடிவு வேறுபடும். ஆனால் சில குவியல்கள் எல்லா வீட்டிலும் இருக்கும். தினம் ஒரு லிட்டரை இரண்டு அரை லிட்டராக வாங்கும் வீட்டில் பால் கவர் மட்டும் அறுபது. அடுத்தது பிஸ்கட், மசாலா, நொறுக்குத்தீனிப் பொட்டலங்கள். அதற்கும் அடுத்தது ஷாம்பு சாஷேக்களும் ஆன்லைன் பார்சல் உறைகளும். இவற்றில் பார்க்க மோசமாகத் தெரியும் பால் கவர்தான் உண்மையில் நல்ல பிள்ளை. அது ஒரே வகை பிளாஸ்டிக், பாலித்தீன். காயலான் கடையில் எடைக்கு எடுத்துக்கொள்வார்கள், மறுபடி உருக்க முடியும். உள்ளே வெள்ளியாக மின்னும் சிப்ஸ் கவரும் சாஷேயும் பல படலங்களை ஒட்டிச் செய்தவை. படலத்தைப் பிரிக்க முடியாததால் பழைய பேப்பர்க்காரர் தொடக்கூட மாட்டார். கவரைக் கையில் எடுக்கும்போதே உள்பக்கம் பளபளக்கிறதா என்று பாருங்கள். மாதாந்திரப் பட்டியலில் முதலில் குறைக்க வேண்டியது எது என்பதற்கு இந்த ஒரு சோதனை போதும். பத்து சாஷேக்குப் பதில் ஒரு புட்டி, இல்லையேல் சீயக்காய்த்தூள்.

பால் கவரிலும் ஒரு சூட்சுமம் உண்டு. முனையைக் கத்தரித்துத் துண்டாக்கக் கூடாது. அந்த முக்கோணத் துணுக்கை யாரும் பொறுக்குவதில்லை, நேராகச் சாக்கடைக்குப் போகும். முழுதும் அறுபடாமல் ஒரு ஓரம் ஒட்டியிருக்கும்படி வெட்டிப் பாலை ஊற்றுங்கள். பிறகு கவரை விரித்து, அரை டம்ளர் தண்ணீரில் அலசி, துணிக்கிளிப்பில் தொங்கவிட வேண்டும். அலசிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாம். காயாமல் அடுக்கிய கவரைக் கடைக்காரர் திருப்பிவிடுவார். அவர் கோபித்துக்கொள்வதும் நியாயம்தான்.

மளிகையில் பொட்டலத்தைக் குறைக்க வேண்டுமானால் பழைய வழக்கம்தான் வழி: உதிரியாக நிறுத்துக் கொடுக்கும் கடை, கையில் பாத்திரம். மின்தராசுகளில் பாத்திர எடையைக் கழிக்கும் பொத்தான் இருக்கும், ஆனால் கூட்ட நேரத்தில் கடைக்காரருக்கு அது தொந்தரவு. ஒவ்வொரு டப்பாவின் வெற்று எடையையும் மூடியின் அடியில் மார்க்கரால் எழுதிக்கொண்டு போனால் அவர் மொத்தமாக நிறுத்துக் கழித்துக்கொள்வார். வாய் அகன்ற டப்பாவாக இருக்கட்டும். குறுகிய வாயில் கொட்டும்போது சிந்தினால் மறுமுறை நம்மைப் பார்த்ததும் முகம் சுளிப்பார். காலை பத்தரைக்கு மேல் போவது நல்லது. மாதத்தின் முதல் வாரத்துச் சாயங்காலத்தில் இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

எண்ணெய்க்கு ஒரு எச்சரிக்கை. செக்கில் சில இடத்தில் கிலோ கணக்கு, சில இடத்தில் லிட்டர் கணக்கு. ஒரு லிட்டர் எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம்தான். ஆகவே விலையை ஒப்பிடுமுன் அளவை விசாரிக்க வேண்டும். தூக்கில் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் எண்ணெய் சீக்கிரம் கெடும். கடலை எண்ணெயை ஒரு மாதத் தேவைக்கு மேல் வாங்கி வைத்தால் காறிப்போகும். காறிய எண்ணெயைக் கொட்டினால் அதில் போன கடலை, தண்ணீர், உழைப்பு எல்லாமே குப்பைதான். மொத்தமாக வாங்கும் பருப்புக்கும் இதே கதை. வெயிலில் இரண்டு மூன்று மணி நேரம் உலர்த்தி, முழுக்க ஆறிய பிறகே மூட வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். அரிசிக்கு வேப்பிலையோ நொச்சியிலையோ போடும்போதும் இலை சருகாக உலர்ந்திருக்க வேண்டும். பச்சை இலை போட்டுவிட்டு, வண்டும் வந்தது, பூஞ்சையும் வந்தது என்று நொந்துகொள்வது அடிக்கடி நடப்பது. வைத்துக்காக்கத் தெரியாதவரை மொத்தமாக வாங்குவதைவிட வாரம் ஒரு முறை வாங்குவதே சிக்கனம்.

இனி பை. தமிழ்நாட்டில் 14 வகை ஒருமுறைப் பிளாஸ்டிக்குகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் 2021 டிசம்பரில் தொடங்கியது. இரண்டும் நல்ல காரியம். ஆனால் இடைவெளியில் இரண்டு வில்லங்கம் புகுந்துவிட்டது. முதலாவது, துணி மாதிரியே தெரியும் பிளாஸ்டிக் பை. ஜவுளிக்கடையிலும் பிரியாணிக் கடையிலும் கொடுக்கும் மெத்தென்ற வண்ணப் பையில் பெரும்பாலானவை பாலிப்ரொப்பிலீன் இழையை அழுத்தி ஒட்டியவை, நெய்தவை அல்ல. தமிழகத் தடைப் பட்டியலில் இதுவும் உண்டு. சந்தேகம் இருந்தால் ஓரத்தில் ஒரு இழையைப் பிய்த்துத் தீக்குச்சியில் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகும். பிளாஸ்டிக் சுருங்கி, உருகி, கடுகு மாதிரி உருண்டு நிற்கும்.

இரண்டாவது வில்லங்கம் அசல் துணிப்பைதான். டென்மார்க்கின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2018ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. ஒரு சாதாரணப் பருத்திப் பை, பருவநிலைத் தாக்கத்தில் மட்டும் கடைப் பிளாஸ்டிக் பையோடு சமன் ஆக 52 முறை பயன்பட வேண்டும். ஓசோன் பாதிப்பு உட்பட எல்லா அளவுகோலையும் சேர்த்தால் 7,100 முறை. இயற்கை வேளாண் பருத்தி என்றால் இது இன்னும் கூடும், ஏனெனில் விளைச்சல் குறைவு. இந்தக் கணக்கை அப்படியே இங்கே தூக்கிவரக் கூடாது. அங்கே பழைய பை குப்பைத்தொட்டி உறையாகி எரியுலைக்குப் போய்விடுகிறது. இங்கே அது மழைநீர் வடிகாலை அடைக்கிறது, மாட்டின் வயிற்றில் கிடக்கிறது; அந்தச் சேதம் அந்த ஆய்வில் இல்லை. ஆனாலும் 52 என்ற எண்ணை மறக்க வேண்டாம். வீட்டில் பதினைந்து துணிப்பை இருந்து, ஒவ்வொரு கல்யாணத்திலும் தாம்பூலத்தோடு இன்னொன்று வந்தால், அது மஞ்சள் நிறத்தில் இருப்பதால் மட்டும் நல்லதாகிவிடாது.

நான்கு பேர் வீட்டுக்கு ஐந்து பை தாராளம். பழைய பேண்ட்டிலோ திரைச்சீலையிலோ தைத்தால் புதுப் பருத்தியே வேண்டாம். 40 சென்டிமீட்டர் உயரம், 35 அகலம் சரியாக இருக்கும். அதைவிடப் பெரிதானால் நிறைய அடைத்துத் தோள் வலிக்கும். பை கிழிவது துணியில் அல்ல, காது தைத்த இடத்தில். காதை விளிம்பில் மட்டும் பிடிக்காமல் ஏழெட்டு சென்டிமீட்டர் கீழே இறக்கி, சதுரமும் உள்ளே பெருக்கல் குறியுமாகத் தைத்தால் ஐந்து கிலோ அரிசி தாங்கும். பையை வீட்டில் மாட்டிவைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. வண்டி சீட்டுக்கு அடியில் ஒன்று, ஆபீஸ் பையில் ஒன்று இருக்க வேண்டும். காலி செய்த உடனே செருப்புக்குப் பக்கத்தில் போட்டால்தான் அது மறுபடி வண்டிக்குப் போகும்.

பைக்கு இத்தனை கணக்கு என்றால் பீரோவில் இருக்கும் பருத்திக்கு? ஒரு சட்டையில் பல பைகளின் நூல் இருக்கிறது, அதோடு சாயமும். நொய்யல் ஆற்றில் 1992ல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கும் தொட்டியானது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. பிறகு கழிவை வெளியேற்றாமல் சுத்திகரிக்கும் ஏற்பாட்டோடு பட்டறைகள் திறந்தன. அந்தச் சுத்திகரிப்புக்குச் செலவு உண்டு. ஆடித் தள்ளுபடியில் சட்டை நம்ப முடியாத விலைக்குக் கிடைத்தால், எந்தச் செலவை யாரோ கழித்திருக்கிறார்கள் என்று யோசிக்கலாம். வாங்கும்போது தையலை இரு கையாலும் இழுத்துப் பாருங்கள், இடையில் வெளிச்சம் தெரிந்தால் ஆறு மாதத்துச் சரக்கு. உள்மடிப்பில் ஒரு அங்குலமாவது விட்டிருந்தால் பிரித்துப் பெரிதாக்கலாம். ‘பிள்ளைக்கு வளர வளரப் பிரித்துக்கொள்ளலாம்’ என்று தையல்காரரிடம் சொல்லித் தைத்த வழக்கம் இதற்குத்தான்.

‘மக்கும்’ என்று அச்சிட்ட பைகளைப் பற்றி ஒரு வார்த்தை. உண்மையிலேயே மக்கும் பிளாஸ்டிக்கில் ஐஎஸ்/ஐஎஸ்ஓ 17088 என்ற தரக்குறியும் மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியச் சான்றிதழ் எண்ணும் இருக்க வேண்டும். அப்படி இருந்தாலும் அது மக்குவது பெரிய உரக்கூடத்தின் சூட்டில். மொட்டைமாடித் தொட்டியில் போட்டால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். ‘பசுமை’, ‘இயற்கை’, ‘பூமிக்கு நண்பன்’ போன்ற வெறும் சொற்களுக்கு ஆதாரம் காட்டியாக வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டிருக்கிறது. அரசின் சுற்றுச்சூழல் முத்திரையான ‘ஈகோமார்க்’ 1991ல் வந்தது, அதன் சின்னம் மண்பானை. முப்பது வருஷத்துக்கு மேலாகியும் கடை அலமாரியில் அந்தப் பானையைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

சோப்புத்தூளில் பிராண்டை மாற்றுவதற்கு முன் அளவை மாற்றுங்கள். ஏற்கெனவே துவைத்துக் காய்ந்த துணியைத் தூளே போடாமல் மெஷினில் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். நுரை வந்தால், இத்தனை நாளும் தேவைக்கு மேல் கொட்டியிருக்கிறீர்கள், துணியிலேயே சோப்பு தங்கியிருக்கிறது என்று பொருள். அளவைக் கால்வாசி குறைத்து மறுபடி சோதியுங்கள். அழுக்கு போகாத எல்லைக்கு வரும்வரை இறங்கலாம். போர் தண்ணீரில் கொஞ்சம் கூடுதலாகத்தான் தேவைப்படும், அதனால் பக்கத்து வீட்டு அளவு நமக்கு ஆகாது. பூந்திக்கொட்டை பட்டுக்கும் கம்பளிக்கும் தினசரி லேசான அழுக்குக்கும் நல்லது. கொட்டை நீக்கிய தோல் பன்னிரண்டு பதினைந்தை ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, இருபது நிமிஷம் கொதிக்கவைத்துப் பிசைந்து வடிகட்ட வேண்டும். வெளியே வைத்தால் இரண்டு நாளில் புளித்து நாறும். வெள்ளை வேட்டியில் பழுப்பு ஏறும், எண்ணெய்ப்பிசுக்குக்குத் திணறும், கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். எல்லாவற்றுக்கும் அதுவே போதும் என்று சொல்பவர்கள் வீட்டில் யார் துவைக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

இதுவரை சொன்னவை கண்ணுக்குத் தெரியும் குப்பை. சாக்கில் விழாத குப்பை இதைவிடப் பெரிது.

குடிநீருக்கு ஆர்ஓ சுத்திகரிப்பான் வாங்குவதற்கு முன் டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்த உப்பின் அளவு பார்க்க வேண்டும். சில நூறு ரூபாயில் அளவுமானி கிடைக்கும். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500, கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம்வரை ஏற்கலாம் என்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் உச்சவரம்பு 2,000. அளவு 500க்குக் கீழே இருந்தால் ஆர்ஓ வேண்டியதில்லை. கிருமிக்குக் கொதிக்கவைப்பதோ யூவி வடிகட்டியோ போதும். ஆனால் மானி உப்பின் மொத்த அளவை மட்டும் சொல்லும். ஃப்ளோரைடு, நைட்ரேட், கிருமி அதற்குத் தெரியாது. போர் தண்ணீரானால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் ஒரு முறை கொடுத்துப் பார்ப்பது உத்தமம்.

ஆர்ஓ கட்டாயம் தேவைப்படும் வீடுகள் உண்டு. அங்கே ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டர் கழிவாகப் போகும். சமையலுக்கும் குடிக்கவும் தினம் 15 லிட்டர் என்றால் மாதம் 900 முதல் 1,350 லிட்டர்வரை சாக்கடைக்கு. அந்தக் குழாயை ஒரு வாளியிலோ டிரம்மிலோ விட்டு, கழிப்பறைக்கும் தரை துடைக்கவும் பாத்திரத்தின் முதல் அலசலுக்கும் எடுக்கலாம். தொட்டிச் செடிக்குத் தொடர்ந்து ஊற்றினால் மண்ணில் உப்புப் பூத்து இலை நுனி கருகும். கழிவைக் குறைக்கிறேன் என்று அந்தக் குழாயை மடக்கியோ கட்டியோ வைப்பது பெரிய தவறு. உப்பு, வடிகட்டும் சவ்வான மெம்பரேனில் படிந்து, ஓடவேண்டிய காலத்தில் பாதிகூட ஓடாது. மாற்றும் செலவோடு இன்னொரு பிளாஸ்டிக் உருளையும் குப்பைக்கு வரும்.

மின்சாரத்தில் முதலில் பார்க்க வேண்டியது அதிக நேரம் ஓடும் பொருளை. நம் ஊரில் அது மின்விசிறி. சாதாரண விசிறி 75 வாட், குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் வைத்த பிஎல்டிசி விசிறி 30 வாட் அளவில். தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 32 யூனிட் மிச்சம், மூன்று விசிறிக்கு 97. தமிழ்நாட்டுக் கட்டண முறையில் இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், 101லிருந்து 200வரையிலான யூனிட்டுக்கும் கூடுதல் விலை விழும். ஆகவே 560, 580 என்று நிற்கும் வீட்டுக்கு இந்த 97 யூனிட் பெரிய எண். அதற்காக எல்லா அறையிலும் மாற்ற வேண்டாம். படுக்கையறையிலும் கூடத்திலும் மட்டும் மாற்றினால் போதும். விருந்தினர் அறையில் மாதம் பத்து மணி நேரம் ஓடும் விசிறியைக் கழற்றுவது வீண். மெதுவாகச் சுற்றும் பழைய விசிறிக்குப் பலசமயம் கெபாசிட்டர்தான் கோளாறு, சின்னச் செலவில் தீரும். பிஎல்டிசியில் மின்னழுத்தம் ஏறி இறங்கும் தெருக்களில் உள்ளிருக்கும் பலகை போய்விடும். அந்தப் பலகைக்குத் தனியாக உத்தரவாதம் உண்டா, உதிரி கிடைக்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

ஸ்டார் முத்திரையில் நட்சத்திரத்தை மட்டும் எண்ணக் கூடாது, எந்த வருஷத்து முத்திரை என்றும் பார்க்க வேண்டும். அளவுகோல் அவ்வப்போது இறுகுகிறது; பழைய ஐந்து நட்சத்திரம் இன்று நான்கோ மூன்றோதான். ஏசிக்கு அதில் போட்டிருக்கும் யூனிட் வருஷத்துக்கு 1,600 மணி நேர ஓட்டத்துக்கு. இரவு எட்டு மணி நேரம், பங்குனி முதல் புரட்டாசிவரை என்றால் ஏறக்குறைய அந்தக் கணக்குதான் வரும்.

ஆனால் ஏசியில் கரண்ட் பில்லைவிட மோசமான ஒன்று பில்லில் வராமலே போகிறது. அதுதான் உள்ளே சுற்றிக் குளிரூட்டும் கேஸ். நூறாண்டில் பூமியைச் சூடாக்கும் கணக்கில் ஆர்-32 என்ற கேஸ் ஒரு கிலோ, 675 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஆர்-410ஏ என்றால் 2,088 கிலோ. ஒன்றரை டன் ஏசியில் 800 கிராம் ஆர்-32 இருந்து முழுக்கக் கசிந்தால் 540 கிலோ. நம் மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்கு 0.7 கிலோ கரியமில வாயு என்று வைத்தால், ஒரு விசிறியை மாற்றி வருஷம் முழுக்க மிச்சம் பிடிப்பது 140 கிலோ. அதாவது ஒரு கசிவு, நான்கு வருஷ விசிறிச் சிக்கனத்தை ஒரே வாரத்தில் விழுங்கிவிடும். பழைய 410ஏ இயந்திரமானால் கணக்கே வேண்டாம்.

கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகும் பொருள் அல்ல, மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. ‘வருஷா வருஷம் கேஸ் குறையும் சார்’ என்று ஒரு மெக்கானிக் சொன்னால் எங்கோ ஓட்டை இருக்கிறது. நிரப்புமுன் நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்; இணைப்புகளில் சோப்பு நுரை தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். ஓட்டையை அடைத்து, வாக்யூம் பம்ப்பால் காற்றை உறிஞ்சி எடுத்த பிறகே கேஸ், அதுவும் தராசில் நிறுத்து. குளிர்ச்சி குறைந்தாலே கேஸ் போய்விட்டது என்றும் இல்லை. சென்னைத் தூசிக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வடிகட்டியைக் கழுவாவிட்டால் அதுவே போதும், அறை புழுங்கும்.

வீடு மாறும்போதுதான் அதிகம் போகிறது. கழற்றுவதற்கு முன் ‘பம்ப் டவுன்’ செய்ய வேண்டும். ஏசி குளிர்ச்சியில் ஓடிக்கொண்டிருக்க, வெளியூனிட்டின் மெல்லிய குழாய் வால்வை ஆலன் சாவியால் மூட வேண்டும். ஓரிரு நிமிஷத்தில் கேஸ் முழுக்க வெளியூனிட்டுக்குள் சேர்ந்துவிடும். உடனே தடித்த குழாய் வால்வையும் மூடி ஸ்விட்சை அணைக்க வேண்டும், தாமதித்தால் கம்ப்ரஸர் வறண்டு ஓடும். மொத்தம் ஐந்து நிமிஷ வேலை. அவசரத்தில் இதை விட்டுவிட்டு நேராக நட்டைக் கழற்றுகிறவர்கள் நிறையப் பேர். பக்கத்தில் நின்று கேட்டாலே தெரிந்துவிடும்: சரியாகச் செய்திருந்தால் சின்னதாக ஒரு ‘புஸ்’ வந்து நின்றுவிடும், செய்யாவிட்டால் அந்தச் சீற்றம் நிமிஷக்கணக்கில் அடங்காது.